மேல்காற்றுக்குச் சாத்திய படல்

அந்த அக்கா நின்று பேசினால் வலது கால் சும்மா இருக்காது. வாய் நம்மோடு பேசிக்கொண்டிருக்கும். கால் தரையில் கிடக்கிற சவுக்குச் சருகைத் தள்ளித் தள்ளி ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டிருக்கும். அவர் போன பிறகு பார்த்தால் நின்ற இடத்தில் ஒரு முறம் அகலத்துக்கு வெறும் மண் தெரியும். எவ்வளவு நேரம் பேசினோம் என்பதை அந்த மண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். எங்கள் வீட்டு வாசலில்தான் அது எப்போதும் பெரிதாக இருக்கும்.

எங்கள் குடிசை வரிசையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மலைக்காரி என்பார்கள். கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் மலைக்காரம்மா என்பார்கள். மரக்காணத்திலிருந்து கல்வராயன் மலைச் சந்தைக்கு உப்பு ஏற்றிப் போகிற லாரியில் எங்கள் ஆள் ஒருவர் கிளீனராக இருந்தார். போன இடத்தில் பழக்கமாகி, கல்யாணம் பண்ணிக்கொண்டு, உப்பு இறக்கிய காலி லாரியிலேயே அவரைக் கூட்டிவந்து இறங்கினார். அது இரண்டாயிரத்து நாலாம் வருஷத் தொடக்கம். ஆறாம் வருஷம் ஆடி மாதம் புருஷனுக்குச் சேலத்துப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. கணக்குப் பார்த்தால் எங்களோடு இருந்தது இரண்டரை வருஷம். எனக்கு என்னவோ அவர் பிறந்ததிலிருந்தே அந்தக் கடைசிக் குடிசையில் இருந்தவர்போலத்தான் தோன்றும்.

கடைசிக் குடிசை என்றால், தோப்பை ஒட்டிய குடிசை. நாங்கள் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். குடியிருப்புக்குக் கிழக்கே பாத்திகள், அதற்கப்பால் கால்வாய், அதற்கும் அப்பால் கடல். மேற்கே யாரோ ஒரு பெரிய மனிதரின் சவுக்குத் தோப்பு. நடுவில் இருபத்துச் சொச்சம் கீற்றுக் குடிசைகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர் கண்ணில் படுவதால், நமக்கு நெருப்பு என்ன செய்யும் என்ற நினைப்பிலேயே இருந்துவிட்டோம். தோப்புக்குள் கணுக்கால் புதைகிற அளவுக்குச் சருகு கிடந்தது. அது எங்களுக்கு அடுப்பெரிக்க ஆகும் என்பதைத் தவிர வேறெதுவாகவும் தெரிந்ததில்லை.

உப்பளத்தில் மேல்காற்று என்றால் எல்லோருக்கும் சந்தோஷம். சித்திரை, வைகாசியில் காலையிலிருந்தே மேற்கேயிருந்து அனலாக அடிக்கும். பாத்தியில் தண்ணீர் சுண்டி உப்பு சீக்கிரம் விளையும். மேஸ்திரிகூட அன்றைக்கு யாரையும் திட்டமாட்டார். மத்தியானத்துக்குமேல் கடல்காற்று திரும்பினால்தான் உடம்பு குளிரும். அக்கா வந்த முதல் கோடையில், ஒரு காலை நேரம், பாத்தி வரப்பில் நின்று முகத்தை மேற்கே திருப்பிக்கொண்டு, இந்தக் காற்று எத்தனை நாளைக்கு அடிக்கும் என்று என்னிடம் கேட்டார். ஒன்றரை மாதம் என்றேன். தோப்பைத் தாண்டித்தானே வருகிறது என்றார். ஆமாம் என்றேன். அவர் உப்பு வாரப் போய்விட்டார். எனக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் போனது.

நான் அப்படித்தான். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியதற்கு வீட்டு நிலைமை ஒரு காரணம்; வாத்தியார் இன்று கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்று பாதி வழியிலேயே வீட்டுக்குத் திரும்பிவிடுவது இன்னொரு காரணம். பஸ்ஸில் ஏறினால் பிரேக் பிடிக்குமா என்று யோசிப்பேன். கறுப்பு மேகம் பார்த்தால் விளைந்த உப்பு கரையுமே என்று யோசிப்பேன். எல்லாவற்றுக்கும் மேல் அப்பா. உப்பு மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனவர். என் வீட்டுக்காரர் புதுச்சேரி மில்லில் வேலை பார்த்து வாரத்துக்கு ஒரு நாள் வருவார். விடிவதற்கு முன்னால் நான் பாத்திக்குப் போனால் மத்தியானம்தான் திரும்புவேன். அதுவரைக்கும் அப்பா கயிற்றுக் கட்டிலில் தனியாகக் கிடப்பார். மேலே காய்ந்த கீற்று, மேற்கே காய்ந்த தோப்பு. அக்கா கேட்ட அந்த ஒரு கேள்விக்குப் பிறகு, பாத்தியில் உப்பு வாருகிற பலகையை இழுக்கும்போதெல்லாம் என் கண் வீட்டுப் பக்கமே இருந்தது.

அக்காவின் மலையில் மாசி மாதம் பிறந்தால் வீட்டுக்கு ஒரு ஆள் போய், காட்டுத் தீ தாண்டாமல் இருக்க, காட்டுக்கும் ஊருக்கும் நடுவே மண் தெரியச் செதுக்கிவிட்டு வருவார்களாம். வராத வீட்டோடு அந்தக் கோடை முழுக்க யாரும் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார்களாம். இதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. மாசியில் மாவடு வரும் என்பதுபோலச் சொன்னார்.

அந்த வருஷம் கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்தினார்கள். அடைமழைக் காலம், தரையெல்லாம் சொதசொதவென்று கிடந்தது. அக்கா இரண்டு சாக்கை நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பனையோலை எரிந்து சரிகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றார். மேலேயிருந்து மழையே ஊற்றுகிறது, இவள் சாக்கை நனைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று பெண்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். சாக்கை மட்டும் இறக்கவில்லை.

அடுத்த மாதம் கடல் வந்தது.

எங்கள் வரிசைக்குள் வரவில்லை. பாத்திகளைச் சேறாக்கிவிட்டு அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் அது நிற்கும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? எல்லோரும் மேற்கே ஓடிச் சவுக்குத் தோப்புக்குள் புகுந்தோம். அப்பாவைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். மூன்று நாள் அங்கேயே இருந்தோம். மறுநாள் பகலில் ஆளுக்கு மூன்று கல்லை வைத்துக் கஞ்சி காய்ச்சினோம். குப்பத்துப் பக்கம் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று சேதி வர வர ஒரே அழுகை. அக்கா ஒரு வேப்பங்கொத்தை ஒடித்து வைத்துக்கொண்டு அடுப்பு அடுப்பாகப் போய்ச் சுற்றிக் கிடந்த சருகைப் பெருக்கித் தள்ளினார். எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“கடலு வந்து எத்தினி பேர வாரினு போயிட்டுது. நீ இங்க குப்ப பெருக்கினு இருக்கியே, உனக்கு மனசு இன்னா கல்லா?”

அக்கா கையை நிறுத்தவில்லை. “கடலுக்குப் பயந்து இங்க வந்துட்டோம். இங்க எரிஞ்சா எங்க போறது? எனக்குத் தெரியல, நீ சொல்லு.”

கொஞ்ச நேரம் கழித்து, தன் அடுப்பைச் சுற்றி அவளே பெருக்கிக்கொண்டாள்.

சேற்றை வாரிப் பாத்தியைச் சரிபண்ண மாசி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் கடலைப் பார்த்தே வாழ ஆரம்பித்தோம். ஒரு அலை கொஞ்சம் சத்தமாக அடித்தால் போதும், துணி மூட்டையோடு மேற்கே ஓடுவோம். அவர் ஒருவர்தான் கடலுக்கு முதுகைக் காட்டித் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோப்பு ஓரத்தில் இருபதடி அகலத்துக்குச் சருகே இல்லாமல் பண்ணிவிட வேண்டும் என்பது அவரது எண்ணம். தோப்புக் காவல்காரர் உள்ளே கால்வைக்க விடமாட்டார். அந்தச் சருகு பிரம்மதேசத்துப் பக்கம் செங்கல் சூளைக்கு விலைக்குப் போகிற சரக்கு. அக்கா அவரிடம் போய், சருகு வாரிக்கொள்ளட்டுமா என்று கேட்கவில்லை. வாரிக் குவித்துத் தரட்டுமா என்று கேட்டார். லாரி வந்து நேராக ஏற்றிக்கொள்ளலாம், கூலி வேண்டாம் என்றார். காவல்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சும்மா ஏன் செய்கிறாய் என்று கேட்டார். “பெருக்கற பழக்கம்ணா, வுட முடியல” என்று அக்கா சொன்னார்.

உப்பளத்தில் வேலை இல்லாத நாள்களில் வீட்டுக்கு ஒரு ஆள் வந்தோம். வரமாட்டேன் என்றவர்களை அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுப் பங்கையும் தானே வாரினார். இரண்டாம் தடவை அவர்களே வந்தார்கள்.

இருபதடியும் வாரி முடித்த அன்று அந்த இடம் கூட்டி மெழுகிய வாசல் மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் மேஸ்திரிக்கு வேறு யோசனை வந்துவிட்டது. மழைக்கு முன்னால் உப்புக் குவியலை மூடுவதற்குக் கீற்று வாங்கி வைப்பது வழக்கம். இவ்வளவு சுத்தமாக, நிழலாக ஒரு இடம் கிடைத்ததே என்று, இரண்டு டிராக்டர் கீற்றைக் கொண்டுவந்து அந்த இருபதடிக்குள்ளேயே ஆளுயரத்துக்கு அடுக்கிவிட்டார். ஒரு பக்கம் தோப்பு, மறு பக்கம் எங்கள் குடிசைகள், நடுவில் காய்ந்த கீற்று. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. உப்பு நனையக் கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு கவலை இல்லை.

அக்கா போய் மூன்று முறை சொன்னார். வெயிலில் போட்டால் கீற்று நொறுங்கிவிடும் என்று மூன்று முறையும் மேஸ்திரி சொன்னார். நாலாவது முறை அக்கா சொல்லப் போகவில்லை. ஒரு அமாவாசை லீவில் எங்களைக் கூட்டிக்கொண்டு, அத்தனை கீற்றையும் தலைச்சுமையாகச் சுமந்து பாத்தி வரப்பில், உப்புக் குவியலுக்குப் பக்கத்திலேயே அடுக்கிவிட்டார். மறுநாள் மேஸ்திரி வந்து பார்த்தார். யார் வேலை இது என்று கேட்டதும் நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். அக்கா, தன் வேலைதான் என்றார்.

“ஒரு வாரத்துக்குப் பாத்திப் பக்கம் வராத.”

“சரிங்க மேஸ்திரி. எனக்கும் தொரட்டி கட்ட ஒரு வாரம் வேணும்.”

கீற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோக மேஸ்திரிக்கு ஆள் கிடைக்கவில்லை. கூப்பிட்ட ஒவ்வொருத்திக்கும் அன்றைக்கு முதுகு வலி.

அந்த ஒரு வாரத்தில் அவர் மூங்கில் வாங்கி, நுனியில் பழைய அரிவாளைக் கட்டி, பன்னிரண்டு தொரட்டி செய்தார். எரிகிற கூரையைக் கீழே இழுத்துப் போடுவதற்கு. பாத்திக்குப் போகாமல் பகலில் வீட்டில் இருந்ததால் அவருக்கு இன்னொன்றும் தெரிந்தது. மேல்காற்று அடிக்கிற அந்த நேரம் பூராவும் வரிசையில் குழந்தைகள், நடக்க முடியாதவர்கள், பெட்டிக்கடைக்காரரும் அவர் சம்சாரமும், இவர்களைத் தவிர ஈ காக்கை இல்லை. தொரட்டி இருந்து என்ன, பிடிக்க ஆள் வேண்டுமே. அதனால் தினம் ஒருத்தி முறைவைத்து வீட்டில் நிற்பது, அவள் பாத்தியை மற்றவர்கள் பங்கு போட்டு வாருவது என்று ஏற்பாடு செய்தார். பெட்டிக்கடைக்கு எதிரே புங்கமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டார். புகையைப் பார்த்தால் முறைக்காரி அதை அடிக்க வேண்டும். பாத்தியில் இருக்கிறவர்கள் பலகையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும்.

என்னால் முடியாது என்றேன். எனக்கு எதைப் பார்த்தாலும் பயம் என்று உள்ளதைச் சொன்னேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

“நீ எப்படியும் கவலப்படத்தான் போற. ஊருக்கும் சேத்துப் படு.”

பயப்படுகிறவர்களைப் பார்த்து அவர் ஒரு நாளும் சிரித்ததில்லை. இவ்வளவு வயதில் எனக்கு அப்படி ஒருவரைத்தான் தெரியும். நான் எதையாவது நினைத்துப் பதறினால் மற்றவர்கள் ஒன்றும் ஆகாது போ என்பார்கள். அவர் மட்டும், எதைப் பார்த்துப் பயந்தாய், எங்கே பார்த்தாய் என்று கேட்பார். கேட்டுக்கொண்டு அங்கே போய்ப் பார்ப்பார். பாதி நேரம் அங்கே ஒன்றும் இருக்காது. திரும்பி வந்து ஒன்றும் இல்லை என்பார், அவ்வளவுதான். ஒரு முறை அங்கே ஒரு வீட்டில் மண்ணெண்ணெய் டின் மூடியில்லாமல் அடுப்போரம் இருந்தது.

நடக்க முடியாதவர்கள் ஒவ்வொருவருக்கும் தூக்குவதற்கு இரண்டு ஆள் சொல்லிவைத்தார். அப்பாவைப் பெட்டிக்கடைக்காரரும் அவர் சம்சாரமும் தூக்க வேண்டும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் அப்பாவை நான்தான் தூக்குவேன் என்றேன்.

“நீ தூக்கினா இரும்ப யாரு அடிக்கிறது? நீ அடிச்சாதான் பாத்தியில இருக்கறவங்களுக்குத் தெரியும்.”

“அவங்க வுட்டுட்டு ஓடிட்டா?”

பெட்டிக்கடைக்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். “உங்க நைனாவ வுட்டுட்டு ஓடினா பின்னாலயே கத்தினு இருப்பாரும்மா. அதுக்குத் தூக்கினே போயிடலாம்” என்றார்.

அப்பா உள்ளேயிருந்து, மெதுவாகத் தூக்கச் சொல், இருக்கிற இடுப்பும் போய்விடப்போகிறது என்றார். அப்பா அக்காவைக் கலெக்டரம்மா என்றுதான் சொல்வார். கிண்டலாக ஆரம்பித்தது. போகப் போக அதில் கிண்டல் எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று எங்களுக்கே தெரியாமல் போனது.

என் இரண்டாவது முறையிலேயே இரும்பை அடித்தேன். மேற்கே தோப்புக்குமேல் புகை தெரிந்தது. பாத்தியில் இருந்த எல்லோரும் வரப்பு வழியாக ஓடிவந்தார்கள். பெட்டிக்கடைக்காரரும் அவர் சம்சாரமும் அப்பாவின் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குழந்தைகளும் அவர்கள் பின்னால் ஓடின. எல்லாம் மேற்கே, நேராகத் தோப்பை நோக்கி. அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, “டேய், என்ன நெருப்புலயே கொண்டுபோய்ப் போடப் போறீங்களாடா?” என்று கத்திக்கொண்டே போனார்.

அது செங்கல் சூளைப் புகை. அன்றைக்குத்தான் பற்றவைத்திருந்தார்கள். வரிசையே என்னைத் திட்டியது. அரைகுறையாக வாரிய உப்பு பாத்தியிலேயே கிடக்கிறது என்று மேஸ்திரி குதித்தார். நான் மண்ணுக்குள் போய்விடலாமா என்று நின்றேன். அக்கா என்னைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. பெட்டிக்கடைக்காரரிடம் போய், ஏன் மேற்கே போனீர்கள் என்று கேட்டார். அவர் யோசித்துவிட்டு, காலுக்கு அதுதான் தெரிந்தது என்றார். கடல் வந்த நாளிலிருந்து எங்கள் எல்லோருடைய காலும் அப்படித்தான் ஆகியிருந்தது. ஓடு என்றால் மேற்கு.

மறுநாளே தோப்புக்குப் போகிற வழியில் அக்கா ஒரு படல் கட்டினார். வேலிகாத்தான் முள்ளை மூங்கிலில் வைத்துக் கட்டிய படல். காலையில் மேல்காற்று அடித்தால் முறைக்காரி அதைச் சாத்திவிட வேண்டும். கடல்காற்று திரும்பியதும் திறந்துவிட வேண்டும். அதற்குப் பெரிய சண்டை வந்தது. மேல்காற்று அடிக்கிற நேரத்தில் கடல் வந்தால் முள்ளிலா போய் விழுவது என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். நியாயமான கேள்விதான். அக்கா அதற்குச் சமாளித்துப் பேசவில்லை. “அது எனக்கும் பயமாத்தான் இருக்குது. அப்படி வந்தா மொதல்ல படலத் தெறக்கணும். அதுக்குத்தான் முறைக்காரி” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அன்றிலிருந்து இரண்டு பக்கமும் பார்க்கிற வேலை.

அடுத்த முறை நான் அடித்தது, ரோட்டோரம் யாரோ குப்பை கொளுத்திய புகைக்கு. ஆனால் அன்றைக்குக் கட்டில் கிழக்கே போய் முதல் பாத்தி வரப்பில் இறங்கியது. குழந்தைகளும் அங்கே போய் நின்றன. வைத்த உலை கொதிப்பதற்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று அக்காவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். எதிர்வீட்டுப் பெண்கூட இந்த முறை என்னைத் திட்டவில்லை. மேஸ்திரிதான் என் முன்னால் வந்து நின்றார். இன்னொரு தடவை வெறும் புகைக்கு அடித்தால் அந்த இரும்பைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடுவேன் என்றார். அப்புறம் முறையும் கிடையாது, ஒன்றும் கிடையாது, எல்லோரும் பாத்திக்கு வர வேண்டும் என்றார். அக்கா அப்போது பக்கத்தில் இல்லை. நான் அவரிடம் சொல்லவும் இல்லை.

வைகாசியில் ஒரு நாள். என் முறை. படலைச் சாத்தியிருந்தேன். காலை பத்து மணி இருக்கும், மேல்காற்று முகத்தில் அடுப்பைத் திறந்துவிட்டதுபோல அடித்தது. தோப்புக்குமேல் வெள்ளையாக, நூல்போல ஒரு புகை.

கையில் இரும்புத் தடியை எடுத்துவிட்டேன். அடிக்கவில்லை. சூளை இருக்கும் திசைதான். சூளைப் புகையும் தொடக்கத்தில் வெள்ளைதான். மூன்றாவது முறையும் வெறும் புகையாக இருந்தால் மேஸ்திரி இரும்பை எடுத்துவிடுவார். எடுத்துவிட்டால் நாளைக்கு உண்மையாகவே எரியும்போது அப்பாவை யார் பார்ப்பார்கள். இப்படித்தான் யோசித்தேன். நிச்சயம் பண்ணிக்கொண்டு அடிக்கலாம் என்று, படலை விலக்கி, இருபதடியைத் தாண்டித் தோப்புக்குள் போனேன். கொஞ்ச தூரம் போனதும் ஒரு சத்தம் கேட்டது. ஓட்டுக் கூரையில் மழை பெய்கிற மாதிரி. மழை இல்லை. மரங்களுக்கு நடுவே தரையோடு தரையாகச் சிவப்பாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

எப்படித் திரும்பி வந்தேன் என்று தெரியாது. முழங்காலில் முள் கிழித்ததுகூட மறுநாள்தான் தெரிந்தது. படலை இழுத்துச் சாத்திவிட்டு இரும்பை அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன்.

பாத்தியில் எல்லோரும் நிமிர்வது தெரிந்தது. பலகைகள் விழுந்தன. இந்தப் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து கட்டில் வெளியே வந்தது. என் கை அடிக்கிறது. கண் கட்டிலிலேயே இருக்கிறது. பெட்டிக்கடைக்காரர் மேற்கே இரண்டு அடி வைத்தார். எதிரே சாத்திய படலைப் பார்த்துத் திரும்பினார். அப்பா படுத்தபடியே கையைக் கிழக்கே நீட்டிக்கொண்டு பஸ் கண்டக்டர் மாதிரி வழி சொல்லிக்கொண்டே போனார். கூடப் போய்க் கட்டிலின் ஒரு காலையாவது பிடிக்க வேண்டும் என்று உடம்பெல்லாம் இழுத்தது. போகவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அன்றைக்கு நான் அக்கா சொன்னபடி செய்தேன்.

அக்காதான் வரப்பில் முதலில் வந்தார். நெருப்பு இருபதடி ஓரத்தில் வந்து நின்றது. தரையில் அதற்குத் தின்ன ஒன்றும் இல்லை. ஆனால் மரத்தின் உச்சியிலிருந்து காற்றில் பொறி பறந்தது. எல்லாக் கூரைமேலும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. தோப்பை ஒட்டிய அவர் குடிசையில்தான் தொடங்க வேண்டும். அதற்கு நேரம் இருக்கவில்லை. நாங்கள் குடத்தை எடுப்பதற்குள் அவர் கூரையில் மூன்று இடத்தில் புகைந்தது. அது பிடித்தால் அடுத்தது, அதற்கடுத்தது என்று வரிசையே போகும்.

எல்லோரும் தொரட்டியை வைத்துக்கொண்டு நின்றார்கள். அடுத்தவர் வீட்டை இழுத்துப் போட யாருக்குக் கை வரும்? அக்கா உள்ளே போனார். மண்ணெண்ணெய் டின்னோடு வெளியே வந்தார். அதை மட்டும்தான் எடுத்து வந்தார். டின்னை ஒருத்தி கையில் கொடுத்துப் பாத்திக்கு ஓடச் சொல்லிவிட்டு, ஒரு தொரட்டியை வாங்கித் தன் வீட்டு முகட்டில் தானே மாட்டினார்.

“யோசிக்காதீங்க. இழுங்க.”

இழுத்தார்கள். கூரை மொத்தமாகச் சரிந்து விழுந்து, விழுந்த இடத்திலேயே எரிந்தது. மற்றவர்கள் அடுத்த கூரைகளில் தண்ணீர் ஊற்றினார்கள், விழுந்த பொறிகளை ஈரச் சாக்கால் அடித்தார்கள். யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரிகூட எனக்கு ஞாபகம் இல்லை. அவரவர் வேலை அவரவருக்குத் தெரிந்திருந்தது. மேஸ்திரி சட்டையைக் கழற்றிவிட்டுக் குடம் தூக்கினார். மத்தியானம் கடல்காற்று திரும்பியது. நெருப்பும் திரும்பி, ஏற்கெனவே எரிந்த இடத்துக்கே போய் அடங்கியது. தோப்பில் யார் வைத்த நெருப்பு என்று இன்றுவரை தெரியாது. எங்கள் வரிசையில் போனது ஒரே ஒரு குடிசை.

சாயங்காலம் எல்லோரும் முதல் பாத்தி வரப்பில் உட்கார்ந்திருந்தோம். அப்பா நடுவில் கட்டிலில். மேஸ்திரி அக்காவிடம் வந்து, புதுக் கூரைக்கு உப்பளத்துக் கீற்றை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் போனார். அக்கா முகமெல்லாம் கரி. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“பொகைய எப்போ பாத்த?”

பார்த்ததும் அடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது. ஆனால் அவர் கேட்பது சும்மா கேட்பதில்லை. போய்ப் பார்ப்பதற்காகக் கேட்பவர். அவரிடம் பொய் சொன்னால் அடுத்த முறைக்கான கணக்கே தப்பாகிவிடும் என்று தோன்றியது.

“பாத்தவுடனே அடிக்கலக்கா. உள்ள போய்ப் பாத்துட்டு வந்து அடிச்சேன்” என்றேன். மேஸ்திரி சொன்னதையும் சொன்னேன்.

“எவ்ளோ நேரம் இருக்கும்?”

“உல கொதிக்கிற நேரம்.”

அந்த நேரம் இருந்திருந்தால் அவர் கூரை நனைந்திருக்கும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அக்கா தன் வீடு இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இன்னும் கொஞ்சம் புகைந்துகொண்டிருந்தது. எனக்கு அவர் அப்படிப் பார்த்தது நெருப்பைப் பார்த்ததைவிடப் பயமாக இருந்தது.

பிறகு சொம்பை வாங்கித் தண்ணீர் குடித்தார்.

“அடிமரமெல்லாம் உள்ளுக்குள்ள இன்னும் தணல் கனிஞ்சினு இருக்கும். நாளைக்குக் காலையில திரும்பவும் மேல்காத்துதான். நாளைக்கும் நீயே நில்லு” என்றார்.

“வேற யாராச்சும் நிக்கட்டுங்க்கா” என்றேன்.

அவர் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார்.

“இனிமே ஒருக்காலும் லேட்டா அடிக்கமாட்டாள்னு எனக்கு நிச்சயமா தெரிஞ்ச ஆளு இந்த வரிசையில நீ ஒருத்திதான்.”